எந்தப் பாஸ்கல் வீடு

ராயபுரம், மெட்ராஸ்-13
ஆகஸ்டு 1973

அன்பு மகள் எல்சிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் நைனாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். இந்தத் தடவை அதை வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை, ஏன் என்று படித்துக்கொண்டு வந்தால் உனக்கே தெரியும். நீயும் அந்தமான் தீவில் தண்ணீர் ஒத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்து நாளாகிறது. உங்கள் ஆஸ்பத்திரி ஆபீசில் எல்லா நர்சுகளிடமும் வீட்டு விலாசமும், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு போன் நம்பரும் கேட்கிறார்கள், உடனே எழுது அம்மா என்று நீ கேட்டிருந்தாய். உடனே எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தாலே எந்த நம்பரை, யார் பேரில், எப்படிக் கொடுப்பது என்று தலை சுற்றுகிறது. உன் நைனா, ஒரு நம்பர் எழுத இவ்வளவு யோசனையா என்கிறார். யோசிக்காமல் கொடுத்ததால் என்ன ஆனது என்று அவருக்கே தெரியும், ஆனாலும் அப்படித்தான் பேசுகிறார்.

தெருமுனை மளிகைக் கடை ராசையா அண்ணாச்சியை உனக்கு ஞாபகம் இருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நீ கப்பல் ஏறும்போது உனக்கு வேர்க்கடலை மிட்டாய் கட்டிக் கொடுத்தவர். நீ போன பிறகு அவர் கடைக்குப் போன் வந்துவிட்டது. நம் தெருவில் அது ஒன்றுதான். வந்த புதிதில் அவருக்கு ஒரே பெருமை, தினமும் சாம்பிராணி காட்டுவார். பிறகு யாரோ தெருவில் சொல்லிவிட்டார்கள், போன் இல்லாதவர்கள் போன் வைத்திருப்பவர் நம்பரைக் கொடுத்துப் பக்கத்தில் பி.பி. என்று எழுதினால் போதும், அவர்கள் கூப்பிட்டு விடுவார்கள் என்று. அவ்வளவுதான். துறைமுகத்தில் கேட்டாலும் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் எல்லோரும் அண்ணாச்சி நம்பர்தான். தையல் மிஷின் கம்பெனி ஏஜெண்டு வீடு வீடாக வந்து பேரும் விலாசமும் கேட்டபோது பெண்கள் எல்லாம் மிஷின் வாங்கப் போகிறவர்கள் மாதிரி அந்த நம்பரைக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அந்த ஏஜெண்டு அதை வேறு யாருக்குக் கொடுத்தானோ, ரேடியோ கடைக்காரன் கூப்பிடுகிறான், இன்சூரன்சுக்காரன் கூப்பிடுகிறான், முகம் தெரியாத ஒருவன் கூப்பிட்டு, என் பேரைச் சொல்லி, சிலுவையம்மாள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறதாமே என்று கேட்டானாம். உன்னைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மிஷின் ஏஜெண்டிடம், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, மகள் அந்தமானில் நர்சு என்று சொன்னேன், அதுதானோ என்னவோ. அண்ணாச்சி கோபப்படவில்லை. பருப்பு நிறுத்துக்கொண்டே, நம்ம கடை என்ன தபாலாபீசா தாயி என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் முற்றத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் அலசிக்கொண்டிருந்தேன். உன் நைனா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அப்போது அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு, சட்டைகூட இல்லாமல் தோளில் துண்டோடு நம் வாசலில் வந்து நின்றார். அவர் கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை, அதைப் பார்த்ததும் என் கை நின்றுபோயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து போன் தாயி, பாஸ்கல் வீட்டுக்குச் சொல்லுங்கன்னாவ, அடி பட்டிருக்காம், ஒடனே வரணுமாம், என்ன ஏதுன்னு கேக்குறதுக்குள்ள வச்சிட்டாவ என்றார். நம் தெருவில் பாஸ்கல் என்றால் எனக்குத் தெரிந்து உன் நைனா ஒருவர்தான், கிரேன்தான் கண்ணில் வந்தது. முப்பது வருஷமாக அந்த மனுஷன் கிரேன் மேலே ஏறி இறங்குகிறார், ஒவ்வொரு நாளும் நான் பயந்தது இன்றைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு ஹில்டாதான் ஓடி வந்தாள். அவளை உனக்குத் தெரியும், சாரங்கு பெண்சாதி. படகை ஓட்டுகிற சாரங்காக இருந்தது அவன் அப்பா, அந்தப் பேர் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. மகன் படகு ஏறியதே இல்லை, எண்ணூர்ப் பக்கம் ஒரு பாக்டரியில் வேலை. ஹில்டா என் கையில் இருந்த மீன் செதிலைக்கூட அவளே கழுவிவிட்டாள். எய்ந்திரு அத்தே, மாமாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது, நான் கூட வர்ரேன் என்று என்னைப் பிடித்துத் தூக்கி, புடவையைச் சரி செய்து, தெருவில் போன சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்தி ஏற்றினாள். அவள் வீட்டு அடுப்பில் உலை இருந்தது, அதை அணைத்துவிட்டு வந்தாளா என்றுகூட நான் கேட்கவில்லை.

கடற்கரை ரோட்டில் ஏதோ ஊர்வலம் என்று ரிக்‌ஷாக்காரன் சுற்றிக்கொண்டு மூலக்கொத்தளம் வழியாகப் போனான். கல்லறைத் தோட்டத்துச் சுவர் வந்ததும் நான் முகத்தை மூடிக்கொண்டேன். ஹில்டா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். அதுவரை என்னோடு பேசிக்கொண்டே வந்தவள், அதன் பிறகு பேசவில்லை, ஜெபம் மட்டும்தான். பேசின் பிரிட்ஜ் மேட்டில் ரிக்‌ஷாக்காரன் இறங்கித் தள்ளினான், நாங்களும் இறங்கி நடந்தோம். என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி என் மணிக்கட்டு சிவந்துவிட்டது. பாவம், என் துக்கத்தைத் தன் துக்கமாக நினைக்கிறாளே என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் பாஸ்கல் வீட்டுக்காரர்கள் என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். ஒரு திரைக்குப் பின்னால் கட்டில். நான்தான் முதலில் போனேன். முகம் முழுக்கக் கரியும் எண்ணெயும், வீங்கியிருந்தது. கால் பக்கம் துணி மூடியிருந்தது. நான் பார்த்தது தலைமுடியைத்தான். உன் நைனாவுக்கு நரைத்துவிட்டது இல்லையா, இது கன்னங்கரேல் என்ற முடி. எனக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படி எழுதுவது. மாதாவே உமக்குத் தோத்திரம், இது அவரு இல்ல என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சிரித்தேன் எல்சி. யாரோ ஒரு பிள்ளை உயிருக்குப் போராடிக் கிடக்கிறான், அவன் பக்கத்தில் நின்று நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது என் வூட்டுக்காரரு அத்தே என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், கத்தவில்லை, அழவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாரங்கு எப்படிப் பாஸ்கல் ஆனான். பிறகுதான் தெரிந்தது, அவன் ஞானஸ்நானப் பேர் பாஸ்கல். கல்யாண அறிக்கை கோயிலில் வாசித்தபோது கேட்டிருப்பேன், மனதில் நிற்கவில்லை. தெருவில் சாரங்கு, வீட்டில் சாரங்கு, நமக்குத் தெரிந்து வேறு பேரே கிடையாது. பாக்டரியில் கோயில் பேரைக் கொடுத்திருக்கிறான், போன் கேட்டதற்கு இவனும் அண்ணாச்சி நம்பரைக் கொடுத்திருக்கிறான், வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்குப் பாக்டரியில் இரும்புப் பீப்பாய் ஒன்று உருண்டு அவனைக் குப்புறத் தள்ளிக் காலில் ஏறிவிட்டது, கூட வேலை செய்தவர்கள் வேனில் போட்டுக்கொண்டு வந்து, பேரையும் நம்பரையும் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டவர்கள் கூப்பிட்டது சரி, அண்ணாச்சி வந்து சொன்னதும் சரி, நான் பயந்ததும் சரிதான். எல்லாம் சரியாக இருந்தும் எப்படி எல்லாம் தப்பாகப் போயிற்று என்பதுதான் எனக்கு விளங்காத கணக்கு.

டாக்டர் வந்து, உடனே ஆபரேஷன் செய்தால் காலை எடுக்காமல் காப்பாற்றப் பார்க்கலாம், வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும் என்றார். ஹில்டா பேனாவை மூடியோடு காகிதத்தில் வைத்தாள். நான் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன், அவள் போட்டாள். சாரங்கை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். என் காதில் நான் சிரித்த சிரிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் உன் நைனா கூத்து. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசல் திறந்து கிடக்கிறது, மீனைப் பூனை தின்றிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆலிஸ் இவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாளாம். அண்ணாச்சி கடைக்குப் போனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். பாஸ்கலுக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் நான் அங்கே போயிருப்பதாகவும் எல்லோரும் இவரிடமே சொல்லியிருக்கிறார்கள். இவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வாசலில் காவல்காரர் யாரைப் பார்க்கணும் என்றதற்குப் பாஸ்கல் என்றாராம். நீங்க யாரு என்றால், பாஸ்கலு என்றாராம். குடித்திருக்கிறார் என்று அந்த ஆள் விடவில்லை. நான் குரலைக் கேட்டு எழுந்து போய்த்தான் அழைத்து வந்தேன். முழுசாக, எண்ணெய்ச் சட்டையோடு, சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஹில்டா எதிரில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். சிரித்ததும் தப்பு, அழுவதும் தப்பு என்று ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. சாரங்குதான் என்று கேட்டதும் உன் நைனா ஹில்டா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தூக்கில் மிச்சம் இருந்த சோற்றை ஹில்டாவிடம் நீட்டி, சாப்டு கண்ணு, நீ தெம்பா இருந்தாத்தான் அவன பாத்துக்க முடியும் என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

கால் தப்பிவிட்டது எல்சி. கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். நடக்கும்போது சாய்த்துத்தான் வைப்பான், பீப்பாய் உருட்டுகிற வேலைக்கு இனி ஆக மாட்டான். உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகப் பாக்டரியில் சொல்லியிருக்கிறார்கள், தரட்டும் பார்ப்போம். அவன் கண் விழித்துப் பேசத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனேன். ஹில்டா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள், அத்தே, கல்லறத் தோட்டம் தாண்டசொல்லவே எனுக்கு அவரு கோயில் பேரும் பாஸ்கலுன்னு நெனப்பு வந்துச்சு, வாயத் தொறக்கல, இது மாமாவாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கினே வந்தேன், உன் கையப் புட்ச்சிக்கினே வேண்டிக்கினேன் என்றாள். உன் நைனா நீட்டிய சோற்றை அவள் எப்படி விழுங்கினாளோ. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அவன் கட்டில் பக்கத்தில் நின்று சிரித்தேனே, அது மட்டும் என்ன என்றேன். கேட்டுச்சு அத்தே என்றாள். பிறகு ஒரு டம்ளர் டீ வாங்கினோம், ஆற்றி இரண்டு பேரும் குடித்தோம். இன்றைக்கும் வாசலில் பார்த்தால் சிரிக்கிறோம், குழம்பு கொடுத்து வாங்குகிறோம். மனதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அண்ணாச்சிக்குத்தான் ரொம்பச் சங்கடம். தப்பான வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன் என்று புலம்பி, கடை நம்பரை யாரும் எங்கும் கொடுக்கக் கூடாது என்று சாக்பீசால் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். நானும் அது நல்லது என்று நினைத்து ஒரு படி மேலே போய்விட்டேன். யார் வந்து பேர் கேட்டாலும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். டீத்தூள் கம்பெனிக்காரன் வந்தான், இந்த வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லை என்று அனுப்பிவிட்டேன். இன்னொரு நாள் பையோடு ஒருவர் வந்து, பாஸ்கல் என்று ஒருவர் இங்கே இருக்கிறாரா என்றார். இல்லை என்றேன். நிச்சயமாக இல்லையா என்றார், நிச்சயமாக இல்லை என்றேன். எழுதிக்கொண்டு போனார். அவர் ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் என்று பிறகு ஆலிஸ் சொன்னாள். இப்போது கார்டில் உன் நைனா இல்லை, இந்த மாதம் அவர் பங்குச் சர்க்கரையும் இல்லை. தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுக்க அவர் லீவு போட்டுவிட்டுப் போக வேண்டும். யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது. எல்லோரும் ஒரே மாதிரி பேனாவோடுதான் வருகிறார்கள், எல்லோரும் உங்கள் நன்மைக்குத்தான் என்கிறார்கள். படித்த பெண் நீ, தெரிந்தால் எழுது.

பிறகு சாரங்கு வீட்டுக்கு வந்த அன்று ஹில்டா நேராக அண்ணாச்சி கடைக்குப் போனாள். அண்ணாச்சி, உங்க போனு இல்லன்னா அன்னிக்குக் கையெய்த்துப் போட ஆளு இல்ல, அவரு காலு போயிருக்கும், அந்தப் பலகைய அழிச்சிடுங்க என்றாளாம். அவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் பலகை இல்லை. ஆனால் இப்போது யார் கூப்பிட்டாலும் அவர் சும்மா விடுவதில்லை. எந்தப் பாஸ்கல், தகப்பன் பேரு என்ன, வயசு என்ன, எங்க வேலை பாக்காரு, முடி நரைச்சிருக்கா என்று கேட்டுக் கேட்டுக் கூப்பிட்டவர்களே வைத்துவிடுகிறார்கள். நீயும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், அதனால் சொல்கிறேன். யார் வீட்டுக்காவது சொல்லி அனுப்பும்போது வெறும் பேரைச் சொல்லாதே, வயசையும் சொல், பெண்சாதி பேரையும் சொல். கேட்கிறவள் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருப்பாள்.

உன் ஆபீசுக்கு விலாசத்தில் உன் நைனா பேரை எழுதி, கிரேன் டிரைவர், துறைமுகம் என்று சேர்த்துக்கொள். போனுக்கு அண்ணாச்சி நம்பர்தான், கேட்டேன், நம்ம எல்சிக்குன்னா தாராளமா குடுங்க என்றார், சின்னக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கூப்பிடுகிறவர்கள் பாஸ்கல் என்று சொல்ல வேண்டாம், சிலுவையம்மாள் என்று சொல்லட்டும். தெருவில் இன்னொரு சிலுவையம்மாள் இருக்கிறாளா என்று விசாரித்தேன். கோடி வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், ஆனால் அவளுக்குப் போன் செய்ய யாரும் இல்லையாம். அந்தமானில் இருந்து மெட்ராசுக்குப் போன் எப்படி வரும், கடலில் கம்பி போட்டிருக்கிறார்களா என்பதும் எனக்குப் புரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு ஒன்று என்றால் எங்களைக் கூப்பிட நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள், சரி. அந்தச் சேதி இங்கே வந்து, நானும் நைனாவும் கப்பல் பிடித்து அங்கே வந்து சேர எத்தனை நாள் ஆகும். அதுவரை உன் கட்டில் பக்கத்தில் யார் நிற்பார்கள். ஆபீஸ் பேர் வேண்டாம், ஹாஸ்டல் நம்பர் வேண்டாம். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உன்னோடு ரிக்‌ஷாவில் ஏறுகிற ஒருத்தி அங்கே இருக்கிறாளா. இருந்தால் அவள் பேரை எழுது, கூப்பிடுகிற பேரையும் எழுது, கோயில் பேரையும் எழுது. நான் ஜெபத்தில் உன் பேருக்குப் பக்கத்தில் அவள் பேரையும் சொல்லிக்கொள்கிறேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மழையில் தலை நனைக்காதே. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், உன் நைனாவும் கையை நீட்டி ஆசீர்வதிக்கிறார், சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டு. பதிலை அடுத்த கப்பலிலேயே போடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பா. சிலுவையம்மாள்